நான்கு வயதில் எழுத்தா, கதையா? வீட்டிலும் நூலகத்திலும் எதற்கு முதலிடம் தருவது?

கேள்வி (நான்கு வயதுக் குழந்தையின் தாய்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகளுக்கு அண்மையில்தான் நான்கு வயது நிறைந்தது. கதை என்றால் விளையாட்டைக்கூட விட்டுவிட்டு ஓடி வருகிற அவள், எழுத்துப் பலகையை எடுத்து வைத்தால் சற்று நேரத்திலேயே எழுந்து போய்விடுகிறாள். அவள் வயதுப் பிள்ளைகள் உயிரெழுத்துகள் பன்னிரண்டையும் எழுதுகிறார்கள் என்று உறவினர்கள் சொல்லும்போது, பள்ளிக்குப் போன பின் இவள் பின்தங்கிவிடுவாளோ என்ற கவலை எனக்கும் என் கணவருக்கும் வருகிறது.

கதை படிப்பதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. புத்தகத்தில் உள்ள எழுத்துத் தமிழை அப்படியே படித்தால் சில இடங்கள் அவளுக்குப் புரிவதில்லை. பேச்சுத் தமிழில் மாற்றிச் சொன்னாலோ, அச்சில் இருப்பதும் நான் சொல்வதும் வேறாகிவிடுகின்றன. இவற்றில் எது சரி? நூலகத்திற்கு அழைத்துச் செல்லவும் ஆசைதான். ஆனால் ஓரிடத்தில் உட்காராத குழந்தையை அங்கே கொண்டு போவது பிறருக்கு இடையூறாகுமே என்று தயங்குகிறோம். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி (தொடக்கப் பள்ளி ஆசிரியை)

வணக்கம், அம்மா. முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: கதைக்காக ஓடி வரும் குழந்தை பின்தங்கியவள் அல்லள். கஃப், டன்மர் என்னும் இருவர் 1986இல் முன்வைத்த ஒரு கருத்து இன்றும் வாசிப்பு ஆய்வுகளுக்கு அடிப்படையாக இருக்கிறது. எழுத்தை ஒலியாக மாற்றும் திறன், கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் ஆகிய இரண்டின் பெருக்கற்பலனே வாசிப்பு என்பது அதன் சாரம். பெருக்கல் என்பதைக் கவனியுங்கள். ஒன்று சுழியமானால் மற்றது எவ்வளவு இருந்தும் பயனில்லை. எழுத்துக்கூட்டக் கற்றுத்தருவதைப் பள்ளி தன் பொறுப்பாக ஏற்றுக்கொள்கிறது. சொல்வளமும் கதையைப் பின்தொடரும் பழக்கமும் பிறந்தது முதல் வீட்டில் சிறுகச் சிறுகச் சேர வேண்டியவை. அவற்றைப் பள்ளி ஓராண்டில் ஈடுசெய்துவிட முடியாது.

தமிழில் இந்த இரண்டும் எவ்வளவு நெருக்கமாகப் பின்னியுள்ளன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். ‘கடல்’, ‘தங்கம்’, ‘அகம்’ ஆகிய மூன்றிலும் ககரத்தை நாம் ஒரே விதமாக ஒலிப்பதில்லை. ‘தங்கம்’ என்ற சொல்லைப் பலமுறை கேட்டறிந்த குழந்தை, அதை எழுத்துக்கூட்டும்போது எவரும் திருத்தாமலே சரியான ஒலிக்கு வந்துவிடுகிறது. அச்சொல்லை அறியாத குழந்தையோ எல்லா எழுத்துகளையும் தெரிந்திருந்தும் தடுமாறுகிறது. ஆகவே நீங்கள் படித்துக் காட்டும் ஒவ்வொரு கதையும் எழுத்துக் கல்விக்கும் உதவுகிறது.

எழுத்துகளைப் பொறுத்தவரை அவசரம் வேண்டாம். நம் 247 எழுத்துகளில் 216 உயிர்மெய்கள். மெய்யும் உயிரும் சேரும் முறை பிடிபட்ட பிறகு அவற்றைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அந்த முறை பிடிபடுவதற்குத்தான் காலம் தேவைப்படுகிறது. ‘கெ’, ‘கே’, ‘கை’ ஆகியவற்றில் கொம்பு மெய்க்கு முன்னே நிற்க, அதன் ஒலியோ பின்னே வருகிறது. ‘கொ’வில் குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. ஆறு வயதுப் பிள்ளைகள்கூட இங்கே தயங்கி நிற்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். இதே வகையான கன்னட எழுத்துகளைக் கற்கும் பிள்ளைகளைப் பற்றி சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வும், எழுத்துத் தொகுதி முழுவதும் கைவரத் தொடக்கப் பள்ளியில் பல ஆண்டுகள் பிடிக்கின்றன என்றே காட்டுகிறது.

இப்போது காதுக்கு வேலை கொடுங்கள். ‘மரம், மழை, மணி’ என்று ஒரே ஒலியில் தொடங்கும் சொற்களை நீங்கள் சொல்லச் சொல்ல அவளும் ஒன்றைச் சேர்க்கட்டும். ‘பட்டம்’ என்பதை ‘பட்–டம்’ என்று கைதட்டிப் பிரிக்கட்டும். எதுகை மோனையுள்ள பாட்டில் கடைசிச் சொல்லை மட்டும் நீங்கள் விட்டுவிட, அவள் முடிக்கட்டும். இவற்றுக்குப் பலகை வேண்டாம், நடந்துகொண்டே செய்யலாம். எழுத்தையும் காட்ட விரும்பினால் அவள் பெயரின் முதலெழுத்திலிருந்து தொடங்குங்கள். குழந்தைக்கு அதைவிடப் பொருளுள்ள எழுத்து வேறில்லை. எழுதுகோல் பிடிக்கும் விரல்வலிமை களிமண் பிசைவதிலும் படம் கிறுக்குவதிலும் தானே வரும்.

மறுமொழி (பொது நூலகத்தின் சிறுவர் பிரிவு நூலகர்)

உட்காராத குழந்தையை நூலகத்திற்குக் கொண்டுவரத் தயங்காதீர்கள். சிறுவர் பிரிவு என்பதே எழுந்து நடக்கவும், புத்தகத்தை எடுத்துப் பார்த்துத் திரும்ப வைக்கவும், வாய்விட்டுச் சிரிக்கவும் ஏற்பட்ட இடம். முதல் சில முறை நெடுநேரம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காமல், அவள் சோர்வதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள். கதை நேரம் நடத்தும் நூலகமாயின் பின்வரிசையில், வாயிலுக்கு அருகில் அமர்ந்தால் இடையில் எழுந்து செல்லவும் எளிது. சுற்றித் திரிந்துகொண்டே கதையைக் கேட்கும் குழந்தைகள் பலர். வீட்டிற்குப் போன பிறகு அவர்கள் கதையைத் திருப்பிச் சொல்லும்போதுதான் பெற்றோருக்கே அது தெரியவருகிறது.

புத்தகத்தை அவளே தேர்ந்தெடுக்கட்டும். மிக எளிது, மிகக் கடினம், சென்ற வாரம் எடுத்ததே என்றெல்லாம் மறுக்க வேண்டாம். உங்களுக்குப் பிடித்த ஒன்றையும் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்’ என்பது இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் ஒன்று. சிறுவர் பிரிவில் இவ்விதி நிறைவேறுவதைக் கண்ணாலேயே காணலாம்: பெரியவர்கள் ஒதுக்கித் தள்ளிய ஒரு புத்தகத்தை ஏதோ ஒரு குழந்தை விடாமல் பற்றிக்கொள்கிறது.

இனி, படிக்கும் முறை. வைட்ஹர்ஸ்ட் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் 1988இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சிறு குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு செய்தியை மட்டும் பழக்கினார்கள்: நேராகப் படித்துக்கொண்டே போகாமல், நிறுத்திக் கேள்வி கேட்டு, குழந்தை சொன்னதைச் சற்று விரித்துத் திருப்பிச் சொல்வது. ஒரே மாதத்தில் அக்குழந்தைகளின் பேச்சு, வழக்கம்போல் படித்துக் காட்டப்பட்ட குழந்தைகளின் பேச்சைவிட வளர்ந்திருந்தது. ‘இது என்ன?’ என்று கேட்டால் ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். ‘நாய்க்குட்டி ஏன் அங்கே ஒளிந்துகொண்டது?’ என்று கேட்டால் குழந்தை யோசிக்கும். அவள் ‘பயம்’ என்றால், ‘ஆமாம், இடிச் சத்தத்தைக் கேட்டுப் பயந்துவிட்டது’ என்று நீங்கள் முடியுங்கள். பக்கத்துக்குப் பக்கம் இப்படிக் கேட்டால் கதையே தேர்வாகிவிடும் என்பதால், ஒரு கதைக்கு இரண்டு மூன்று இடங்கள் போதும் என்பது என் கருத்து.

அமெரிக்கப் பொது நூலகங்களின் சங்கமும் சிறார் நூலகச் சேவைச் சங்கமும் பெற்றோருக்காக நடத்தும் திட்டத்தின் 2011ஆம் ஆண்டுப் பதிப்பு, பேசுதல், பாடுதல், படித்தல், எழுதுதல், விளையாடுதல் என்னும் ஐந்தைச் சமமாக வலியுறுத்துகிறது. நீங்கள் கவலைப்படும் எழுத்துப் பலகை அந்த ஐந்தில் ஒன்றின் ஒரு சிறு பகுதி மட்டுமே.

மறுமொழி (இரு பிள்ளைகளின் தந்தை)

எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் இரண்டையும் வைத்துக்கொண்டோம். அச்சில் உள்ள வரியை மாற்றாமல், அவசரமின்றி, நல்ல ஏற்ற இறக்கத்தோடு படிப்போம். பிறகு படத்தைக் காட்டி, அதே செய்தியைப் பேச்சுத் தமிழில் உரையாடுவோம். ‘மழை பெய்துகொண்டிருந்தது’ என்று படித்துவிட்டு, ‘பாரு, மழ பெஞ்சுகிட்டு இருக்கு, எல்லாரும் எங்க ஓடுறாங்க?’ என்று கேட்பது போல. பள்ளிப் பாடநூல் முழுவதும் எழுத்துத் தமிழில்தான் இருக்கப்போகிறது. ‘இருக்கிறது’, ‘வந்தார்கள்’ போன்ற வடிவங்களைக் காதால் கேட்டுப் பழகாத பிள்ளை, எழுத்துக்கூட்டுவதையும் அந்நியமான மொழிவடிவத்தையும் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டியிருக்கும். எனவே புரியாது என்று அஞ்சி எழுத்துத் தமிழை முற்றிலும் விலக்கிவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டுப் பெரியவர்களுள் ஒருவருக்குப் படிக்கத் தெரியாது. நூலகத்திலிருந்து சொற்களே இல்லாத படப் புத்தகங்களை எடுத்து வந்து அவரிடம் கொடுத்தோம். படத்தைப் பார்த்து அவர் சொல்லும் கதையில் எங்களுக்கு வராத சொற்களெல்லாம் வருகின்றன. குழந்தையின் வாசிப்பில் அவருக்கும் பங்குண்டு என்பதை நாங்கள் மனப்பூர்வமாக உணர்கிறோம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. இன்னோர் ஐயம்: ஒரே புத்தகத்தையே அவள் திரும்பத் திரும்பக் கேட்டு, இப்போது முழுக்க மனப்பாடமாகிவிட்டது. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தானே ‘படிக்கிறாள்’. எழுத்தைப் பார்க்காமல் ஒப்பிக்கும் இந்தப் பழக்கத்தைத் தடுக்க வேண்டுமா?

மறுமொழி (நூலகர்)

தடுக்கவே வேண்டாம், அம்மா. நியூசிலாந்தின் மேரி கிளே 1966இல் தம் ஆய்வேட்டில் விவரித்த தொடக்கநிலை வாசிப்பு நடத்தை இத்தகையதே. புத்தகத்தை எப்படிப் பிடிப்பது, எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது, ஒரு பக்கத்திற்கு உரிய சொற்கள் எவை என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கின்றன. அவள் ஒப்பிக்கும்போது எப்போதாவது ஒரு வரியில் மட்டும் உங்கள் விரலைச் சொற்களின் கீழே மெதுவாக நகர்த்துங்கள். சொல்லும் அச்சும் ஒன்றோடொன்று பொருந்துவதை அவள் கண்டுகொள்வாள்.

மறுமொழி (ஆசிரியை)

நூலகர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு: பெயர் சொல்லி அழைத்தும் அடிக்கடி திரும்பாதது, எளிய கதையையும் பின்தொடர இயலாதது, பேசுவது வீட்டாருக்கே விளங்காதது. இவற்றில் ஏதேனும் இருந்தால் முதலில் செவித்திறனைப் பரிசோதியுங்கள். சளி பிடித்த பின் நடுக்காதில் நீர் தேங்குவது சிறு குழந்தைகளிடம் மிகச் சாதாரணம். அது கேட்கும் திறனைச் சில வாரங்கள் மங்கச் செய்வதை வீட்டில் எவரும் கவனிக்காமலே போகலாம்.