பொய்க் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் வாங்க

கடைமாடி:
தொலைநிலை எம்சிஏ கடைசி செமஸ்டரில் பொய்க் கம்பெனி ஒன்று நடத்துவார்களே, அதுதான். ஐந்து பேர் டீம், டியூட்டரே மேனேஜர், அவரே கஸ்டமர். பகலில் ஜவுளிக்கடை பில்லிங், ராத்திரி ஒன்பதுக்கு ஸ்டாண்ட்-அப் (யார் என்ன செய்தோம் என்று சொல்லும் தினசரி மீட்டிங்), சிக்னலுக்காகக் கடை மொட்டைமாடியில். எல்லார் கோடையும் கிட்டில் ஒரே பொதுப் பிரதியாக வைத்திருந்தோம். டெமோவுக்கு முந்தின நாள் என் புஷ், அதாவது என் கோடை அதில் ஏற்றுவது, ரிஜெக்ட் ஆனது. கூகுளில் தேடி ஃபோர்ஸ் போட்டேன், அங்கே இருந்ததன் மேலேயே ஏறிப் போய்விட்டது. டீமிலிருந்த அக்கா ஏதோ எரர் வருகிறது என்றதும், "ரீசெட் ஹார்ட் போட்டு ஒரிஜின்ல இருக்கிறத எடுத்துக்கோங்க" என்று சொன்னவனும் நான்தான். அவர் கம்ப்யூட்டரில் இருந்ததும் அதோடு மறைந்தது. ராத்திரி மைக்கை ஆன் பண்ணினார், பின்னால் குக்கர் விசில். "தம்பி, என் மூணு நாள் வேலை எங்க போச்சு?" அவ்வளவுதான். நெட்வொர்க் பிரச்சினை என்று சொல்லிவிட்டேன். கமிட் (கிட்டில் பதிந்து வைத்த மாற்றங்கள்) எல்லாம் ரீஃப்ளாகில் (கிட் அவரவர் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் நடமாட்டப் பதிவு) கிடைத்தது, மார்க்கும் வந்தது. அந்தப் பொய் மட்டும் அப்படியே நிற்கிறது.

அரைப்புள்ளி:
இதுக்குப் பேர் பயிற்சியா? உருப்படியான கம்பெனியில் மெயின் பிராஞ்சை (எல்லாருக்கும் பொதுவான முக்கியக் கிளை) பூட்டி வைத்திருப்பார்கள், ஃபோர்ஸ் போடவே விடாது. எங்கள் பொய்க் கஸ்டமர் வெள்ளிக்கிழமை ராத்திரி "பாஸ்வேர்டு வேண்டாம், ஓடிபி போதும்" என்று மெயில் போட்டார். ராத்திரி முழுக்க மாற்றினோம். திங்கள்கிழமை, "ஏன் யாரும் எதிர்க்கேள்வி கேட்கலை?" என்று அதற்கு மார்க் குறைத்தார். நாங்கள் கேள்வி கேட்டா வளர்ந்தோம்?

இரவுக்கிளி:
அரைப்புள்ளி, எல்லா இடத்திலும் பூட்டுவதில்லை. எனக்கும் இப்படி ஆனது, அதை விடுங்கள். இனி ஃபோர்ஸ்-வித்-லீஸ் போடுங்கள், நீங்கள் கடைசியாக ஃபெட்ச் செய்த (பொதுப் பிரதியின் நிலவரத்தை இறக்கிய) பிறகு வேறு யாராவது புஷ் செய்திருந்தால் மறுத்துவிடும். ஆனால் எடிட்டர் பின்னணியில் தானே ஃபெட்ச் செய்கிறதா என்று பாருங்கள், செய்தால் அந்தக் காவல் வீண். ரீஃப்ளாக் 90 நாள் இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள், ரீசெட்டில் அறுந்துபோன கமிட்டுக்கு வழக்கமாக 30 நாள்தான். கமிட் பண்ணாமல் வைத்திருந்தது ரீஃப்ளாகில் வரவே வராது. அதனால் தினமும் சாப்பிடப் போகும் முன் ஒரு கமிட், தனி பிராஞ்சில்.

மல்லிப்பூ:
கமாண்டு பாடம் யாரும் கேட்கவில்லை, இரவுக்கிளி. கடைமாடி, நான் அந்த அக்கா இடத்தில் இருந்தவள். உங்கள் ரெப்போ (அந்தப் பொதுப் பிரதி) கிட்ஹப்பில்தானே? ஆக்டிவிட்டி பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஃபோர்ஸ் புஷ் யார் போட்டது, எப்போது, எல்லாம் பேரோடு இருக்கும். எங்கள் டீமில் நான் முதலில் பார்த்தது அதைத்தான். அதற்கப்புறம்தான் ஸ்டாண்ட்-அப்புக்குப் போனேன்.