'ஊரார்' என்றால் யார் யார்?

வைகைக்கரையான்:
எங்கள் கோயில் திருவிழா மலருக்கு வந்த கட்டுரையில் "கிராமவாசிகள் தேரை வடம்பிடித்து இழுத்தனர்" என்று இருந்தது. காட்டுவாசிக்குத் தம்பி முறைபோல ஒலிக்கிறது! அடித்துவிட்டு 'ஊரார்' என்று திருத்தினேன். "ஊரவர் கௌவை எருவாக" என்று வள்ளுவர் எழுதிய சொல்லின் உறவு. இது இருக்க, அரசு அறிவிப்பு மொழி எதற்கு? கட்டுரையாளருக்குக் கோபம். நண்பர்கள் சொல்லுங்கள்.

தெற்குத்தெரு:
கட்டுரையாளர் பக்கம்தான் நான். எங்கள் வட்டாரத்தில் 'ஊர்' என்பது ஒரு பாதி, தலித் மக்கள் குடியிருக்கும் 'காலனி' மறு பாதி. காலனியிலிருந்து கிளம்புகிறவர் "ஊருக்குள் போய்வருகிறேன்" என்பார். அவர் ஏற்கெனவே இருக்கும் இடம் எது? குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்குத் திரட்டும் தலைக்கட்டு வரி கொடுத்தவன்தான் திருவிழாவில் ஊரான். வரியை வாங்க மறுத்தால் அவன் ஊரான் இல்லை. இந்தத் தகராறு எத்தனை கோயில்களில் வந்திருக்கிறது என்று மலர்க்குழுவுக்குத் தெரியாதா? 'கிராமவாசி' அழகில்லைதான். ஆனால் அங்கே வசிக்கிற எவரையும் அது தள்ளிவைக்கவில்லை.

வைகைக்கரையான்:
குற்றம் மனிதர்களுடையது, சொல்லுடையது அல்ல. "ஊர் கூடித் தேர் இழுப்பது" என்கிறோமே, அதில் பாதி ஊரா கூடுகிறது?

தெற்குத்தெரு:
பல இடங்களில் ஆமாம், பாதி ஊர்தான். தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது என்று பாருங்கள்.

ஓலைச்சுவடி:
இடையில் ஒரு பழங்கதை. சோழர் கல்வெட்டுகளில் 'ஊரோம்' என்று சொல்லிக் கையெழுத்திடுகிறவர்கள் ஊரில் குடியிருந்த எல்லோரும் அல்லர். பெரும்பாலும் நிலம் உடையவர்கள். பிராமணர் ஊர்களில் அந்த இடத்தில் 'சபையோம்' என்று வரும். ஆகவே தெற்குத்தெரு சொல்வது நேற்று முளைத்த வழக்கம் இல்லை. ஆனால் 'சேரி'யையும் கவனியுங்கள். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு பன்னிரண்டு சேரிகளைப் பேசுகிறது. அது பிராமணர்களின் ஊர்! அன்று சேரி என்றால் குடியிருப்புப் பகுதி, அவ்வளவுதான். அந்தச் சொல் இப்படிச் சுருங்க முடிந்தது என்றால், 'ஊரார்' விரியவும் முடியும்.

தெற்குத்தெரு:
முடியும், விரித்தால். அதே சோழர் காலத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டில் வரி நீக்கிய நிலங்களின் பட்டியலைப் படியுங்கள். ஊர்நத்தம் என்ற குடியிருப்பு நிலம் தனி, பறைச்சேரி தனி, தீண்டாச்சேரி தனி. ஊர்நத்தத்துக்குள் யார், வெளியே யார் என்று பதினோராம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டிவிட்டார்கள். உத்திரமேரூர்ச் சேரியை மட்டும் காட்டினால் எப்படி?

மணிமேடை:
எனக்கு வேறொரு சந்தேகம். "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்கிறோம். "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால்" என்கிறோம். இங்கெல்லாம் ஊரார் என்றால் என்னையும் என் வீட்டையும் தவிர்த்த மற்றவர்கள். வைகைக்கரையான் சான்று காட்டிய குறளிலும் ஊரவர் செய்வது என்ன? காதலியைப் பற்றி வம்பு பேசுகிறார்கள்! தேர் இழுத்தவர்களைப் பெருமையாகச் சொல்ல எடுத்த சொல்லுக்கு அருமையான பரம்பரை.

வைகைக்கரையான்:
பழமொழியை வைத்து அகராதி எழுத வேண்டாம். வெளியூரில் ஒருவரைக் கண்டதும் "எங்கள் ஊர்க்காரர்" என்று கையைப் பிடிக்கிறோமே, அந்த உரிமை 'கிராமவாசி'யில் உண்டா? "எங்கள் கிராமவாசி" என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா?

தெற்குத்தெரு:
இல்லை. சென்னைப் பேருந்து நிலையத்தில் நானும் ஊர்க்காரன்தான். இறங்கி வீட்டுக்குப் போகும்போது நான் காலனிக்காரன். அரசு ஆவணங்களில் 'காலனி' என்ற சொல்லை நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பெயர்ப்பலகையை மாற்றிவிடலாம். ஊர்க்கூட்டத்துக்கு யாரை அழைப்பது என்பதை எந்த அரசாணை மாற்றும்?

ஓலைச்சுவடி:
அதற்கும் ஒரு விடை 1994 ஊராட்சிச் சட்டத்தில் இருக்கிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபையின் உறுப்பினர்கள். அங்கே தலைக்கட்டு வரி கேட்பதில்லை. அரசு அறிவிப்பு மொழி என்று நீங்கள் முகம் சுளிக்கும் 'கிராம' சபை அது.

வைகைக்கரையான்:
சட்டம் பேசுகிறீர்கள், நான் திருவிழா மலர் பேசுகிறேன். மலர் நாளை அச்சுக்குப் போகிறது. 'ஊர் மக்கள்' என்று போட்டால் எல்லோருக்கும் சம்மதமா?

தெற்குத்தெரு:
வடம் பிடித்தவர்கள் எந்தெந்தத் தெரு என்று முதலில் சொல்லுங்கள். காலனிக்காரர்களும் பிடித்தார்கள் என்றால் 'ஊரார்' என்றே போடுங்கள், ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம். பிடிக்கவில்லை என்றால், இழுத்த தெருக்களின் பெயரை மட்டும் போடுங்கள்.