ஐடில் மிக்சர்: இரண்டு திருகுக்கு இரண்டு பெயர் வேண்டும்

வணக்கம் நண்பர்களே,

பைக்கின் கார்புரேட்டர் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிறது. வண்டி நிற்க, ஆக்சிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் மெதுவாக ஓடுவது ஐடில். அப்போது போகிற கலவைதான் ஐடில் மிக்சர். அதற்குத் தமிழில் என்ன சொல் என்ற கேள்விக்கு ‘செயலற்ற கலவை’, ‘வெற்றோட்டக் கலவை’, ‘மெல்லோட்டக் கலவை’ என்று இதுவரை வந்த மூன்று முன்மொழிவுகளையும் படித்தேன். மூன்றுமே ஐடில் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பேசுகின்றன. அதற்கு வருகிறேன். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கவலை அந்தக் கலவையைச் சரிசெய்கிற திருகின் பெயர். அதைத் தப்பாக வைத்தால் படிக்கிறவர் வண்டி கெடும்.

இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்திருந்த ஒரு மெக்கானிக் அண்ணன். அப்போது என் வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100, டூ ஸ்ட்ரோக் பைக். எஞ்சின் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டிவிட்டு வரச் சொல்வார், அப்புறம்தான் ஸ்க்ரூடிரைவரையே எடுப்பார். திருகை மெதுவாக உள்ளே விடுவார், முட்டியதும் நிறுத்திவிடுவார். அதற்கு மேல் இறுக்கினால் ஊசிமுனை அழுந்தி, அது உட்காருகிற இடம் கெட்டுப்போகும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. பிறகு கால் கால் சுற்றாக நகர்த்தி, ஒவ்வொரு தடவையும் சில நொடிகள் காத்திருந்து காதைக் கொடுப்பார். எஞ்சின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி ஓரிடத்தில் உச்சத்துக்கு வரும். அதையும் தாண்டித் திருப்பினால் தளரும். உச்சத்துக்கே திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஐடில் வேகத்தை வைக்கிற ஸ்லோ ஸ்க்ரூவைக் குறைப்பார். இன்னொரு முறை அதே தேடல். ஒரு சுற்றுக்குள்ளேயே உச்சம் வந்துவிட்டால், ஐடிலுக்குப் பெட்ரோல் வருகிற ஸ்லோ ஜெட்டில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்.

கடைசியில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்கி விடுவார். ஏறும்போது தயங்கினால் காற்று தூக்கல். விட்ட பிறகும் வேகம் இறங்காமல் மேலேயே நின்றால் அதுவும் காற்று தூக்கல். படக்கென்று விழுந்து, தடுமாறி, அணைந்தால் பெட்ரோல் தூக்கல். குழம்பில் உப்பு தூக்கல் என்கிறோமே, அந்தத் தூக்கல்தான். இந்தச் சொல்லையும் அப்புறம் பார்ப்போம்.

ஊட்டிக்குப் போவதாகச் சொன்னால், “மேல போனதும் காத்து ஸ்க்ரூவ கால் சுத்து வெளிய விடு கண்ணு, எறங்கி வந்து பழையபடி வெச்சுக்க” என்பார். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு, அதனால் அதே திறப்பில் பெட்ரோல் தூக்கலாகிவிடும். திருகை வெளியே விட்டால் காற்று கூடிச் சரியாகும். ‘காத்து ஸ்க்ரூ’ என்று அவர் சொன்னதிலேயே பாதிக் கலைச்சொல் இருக்கிறது.

இப்போது சிக்கலுக்கு வருவோம். ஆர்எக்ஸ் 100-இலும் பழைய புல்லட் 350-இலும் இந்தத் திருகு ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கும். பெட்ரோலோடு சேரப்போகிற காற்றைத்தான் அது கட்டுப்படுத்துகிறது. வெளியே திருப்பினால் காற்று கூடும், உள்ளே திருப்பினால் குறையும். பின்னால் வந்த பல ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் இந்தத் திருகு எஞ்சின் பக்கம் இருக்கிறது. அது கட்டுப்படுத்துவது ஏற்கெனவே பெட்ரோல் கலந்து வருகிற ஓட்டத்தை. வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். திருகு ஒரே மாதிரிதான் தெரியும், விளைவு நேர் எதிர். ஆனால் கடைப் பேச்சில் இரண்டுக்கும் ‘மிக்சர் ஸ்க்ரூ’ என்றே பெயர்.

சில வருடங்களுக்கு முன் என் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியை வைத்து நண்பர்களுக்கு ஒரு குறிப்பு எழுதினேன். “கலவைத் திருகை வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும்” என்று அதில் போட்டிருந்தேன். என் வண்டிக்கு அது சரி. அதைப் படித்த ஒருவர் தன் ஆர்எக்ஸ் 100-இல் அப்படியே செய்திருக்கிறார். பெட்ரோலைக் கூட்டுவதாக நினைத்து அவர் காற்றைத்தான் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். இரண்டு வாரம் வண்டி ஸ்லோவில் நிற்கவேயில்லை. ஸ்லோ ஜெட்டைக்கூட மாற்றிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். ‘கலவைத் திருகு’ என்று பொதுவாக எழுதியது என் தவறு.

ஆகவே ‘கலவைத் திருகு’ என்ற சொல்லையே விட்டுவிடலாம் என்கிறேன். ஏர் ஃபில்டர் பக்கம் இருப்பது காற்றுத் திருகு. எஞ்சின் பக்கம் இருப்பது பெட்ரோல் திருகு. இதில் ஒரு வசதி உண்டு: பெயரில் எது இருக்கிறதோ, திருகைத் திறந்தால் அது கூடும். எந்தப் பக்கம் திருப்புவது என்பதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எஞ்சின் பக்கத் திருகில் போவது வெறும் பெட்ரோல் இல்லையே, காற்று கலந்ததுதானே என்று கேட்கலாம். உண்மைதான். இருந்தாலும் திருப்புகிறவருக்குத் தெரியவேண்டியது பெட்ரோல் கூடுமா குறையுமா என்பது மட்டுமே. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற மூன்றாவது திருகு, அதாவது பட்டறையின் ஸ்லோ ஸ்க்ரூ, வேகத் திருகு. அதில் சண்டையில்லை.

சரி, ஐடில். ‘செயலற்ற’ வேண்டவே வேண்டாம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, அதைச் செயலற்றது என்பது பொய். ‘வெற்றோட்டம்’ அழகான சொல், ஆனால் அதைச் சுமையில்லாத ஓட்டத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது. கியர் போடாமல் நிமிடத்துக்கு 4,000 சுற்று வரை முறுக்கினாலும் சுமை இல்லைதான், அதை யாரும் ஐடில் என்று சொல்வதில்லை. ‘மெல்லோட்டம்’ பட்டறையின் ‘ஸ்லோ’வுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எனக்கு முதலில் பிடித்தது அதுதான். ஆனால் காற்று கூடிக் கலவை மெலிவதைப் பற்றியும் அதே பத்தியில் எழுதவேண்டி வரும். ‘மெல்லோட்டத்தில் மெலிகலவை’ என்று எழுதிப் பார்த்தேன், வாசிக்கவே நாக்கு தடுக்குகிறது.

என் முன்மொழிவு ‘நின்றோட்டம்’. ‘வண்டி ஸ்லோவில் நிக்கல’ என்றுதான் எல்லா ஊர் மெக்கானிக்கும் சொல்கிறார். அந்த ‘நிற்பது’ இதில் இருக்கிறது. வண்டி நிற்கிறது, எஞ்சின் ஓடுகிறது, இரண்டும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. ஐடில் மிக்சர் நின்றோட்டக் கலவை ஆகும்.

பெட்ரோல் கூடினால் ரிச், காற்று கூடினால் லீன் என்கிறார்கள். இந்த இரண்டுக்கும் ‘வளமான கலவை’, ‘ஒல்லிக் கலவை’ என்று எழுதுவதைப் பார்க்கிறேன். வளம் என்றால் நமக்கு மண்தான் நினைவுக்கு வரும். பள்ளிக்கூடத்தில் ‘செறிந்த அமிலம்’ படித்தவர்கள் நாம். அதனால் செறிகலவை, மெலிகலவை என்பது சட்டென்று புரியும். கட்டுரைக்கு இவை போதும். ஒருவருக்கு விளக்கிச் சொல்லும்போது ‘பெட்ரோல் தூக்கல்’, ‘காற்று தூக்கல்’ என்றே எழுதலாம். அது பேச்சுச் சொல் என்று ஒதுக்க வேண்டாம். எது கூடிப்போனது என்று இவ்வளவு நேராகச் சொல்கிற வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்தபின் புதிய வண்டிகள் பெரும்பாலும் கார்புரேட்டரை விட்டு இன்ஜெக்‌ஷனுக்குப் போய்விட்டன, இனி எதற்கு இந்தச் சொற்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். இப்போதுதான் கூடுதலாக வேண்டியிருக்கிறது. பம்பில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். பழைய பெட்ரோலுக்கு வைத்த கார்புரேட்டரில் இந்தப் பெட்ரோலை ஊற்றினால் கலவை மெலிகிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் திருகில் கை வைக்கிறார்கள், எந்தப் பக்கம் திருப்புவது என்று தமிழில்தான் கேட்கிறார்கள்.

ஜெட்டுக்கு ‘தாரை’ என்று வந்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தாரை என்றால் பாய்கிற ஓட்டம். இங்கே ஜெட் என்பது துளை போட்ட ஒரு சின்னப் பித்தளைத் துண்டு. நல்ல சொல் கிடைக்கும் வரை ஸ்லோ ஜெட்டை ‘நின்றோட்ட ஜெட்’ என்றே எழுதுகிறேன். ‘நின்றோட்டம்’ பற்றி மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், பழைய குறிப்பைத் திருத்தி எழுத உட்காரப்போகிறேன்.