ரோலர் மில்லுக்கு மோட்டார்: அரை ஹெச்பி போதுமா, ஒன்று வேண்டுமா?

மாட்டுக்கொட்டாய் (கே.வி.குப்பம்)

வணக்கம். கையால் சுற்றும் இரட்டை ரோலர் மில் இருக்கிறது. ரோலர் 2 அங்குல விட்டம், 5 அங்குல நீளம், நர்லிங் (பிடிப்புக்காகச் சொரசொரப்பாக வெட்டிய கோடுகள்) போட்டது. இரண்டு ரோலருக்கும் பல்சக்கரம் உண்டு. வெளியே நீளும் தண்டு 16 மி.மீ., பித்தளை புஷ்ஷில் சுற்றுகிறது, பேரிங் கிடையாது.

தினமும் 12 கிலோ அளவுக்கு மக்காச்சோளமும் சோளமும் மாட்டுக்கு உடைக்க வேண்டும். வாரம் ஒருமுறை முளைகட்டிக் காய வைத்த கேவுரு (கேழ்வரகு) 5 கிலோ, கஞ்சி மாவுக்காக. அதை இதில் ஒரு தடவை உடைத்துவிட்டு அப்புறம் மெஷினுக்குக் கொண்டுபோவது.

இதற்கு மோட்டார் போட வேண்டும். வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான். சாயங்காலம் வோல்டேஜ் 180 வரை இறங்கும். குடியாத்தம் கடையில் அரை ஹெச்பி, ஒரு ஹெச்பி இரண்டும் 1440 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1440 சுற்று) இருக்கின்றன. 2880 ஆர்பிஎம் பழையது ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. மேசை கிரைண்டர் மோட்டார், கை டிரில், கார் வைப்பர் மோட்டார் இவற்றையே போடலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். எது சரி? புல்லி என்ன அளவு?

லேத்துப்பட்டறை (ராணிப்பேட்டை)

மோட்டாரைப் பார்ப்பதற்கு முன்னால் மில்லை அளந்துவிடுங்கள் தம்பி. ஸ்பிரிங் தராசு ஒன்று போதும். கைப்பிடியின் நுனியில் தராசைக் கொக்கி போட்டு, கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் அளவு தப்பும். இரண்டு எண் வேண்டும். மக்காச்சோளம் விழுந்துகொண்டிருக்கும்போது ஒரே சீராகச் சுற்ற எத்தனை கிலோ காட்டுகிறது என்பது ஒன்று. ஹாப்பர் (தானியம் கொட்டும் தொட்டி) நிறைய தானியம், ரோலர் நடுவில் மணிகள் கடித்து நிற்கும்போது நகர்த்த எத்தனை கிலோ என்பது இன்னொன்று. மோட்டாரைக் கொல்வது இந்த இரண்டாவது எண்தான். கைப்பிடி தண்டின் நடுவிலிருந்து எத்தனை செ.மீ. என்பதையும் சொல்லுங்கள்.

கேவுரை வைத்து அளக்காதீர்கள். அது சின்ன மணி, 2 அங்குல ரோலர் சுலபமாக உள்ளே இழுத்துக்கொள்ளும். மக்காச்சோளம் பெரிது, ரோலர் மேலேயே வழுக்கி ஆடும். பளுவும் அதுதான் அதிகம் தரும்.

மாட்டுக்கொட்டாய்

அளந்தாயிற்று அண்ணா. கைப்பிடி 20 செ.மீ. இடைவெளி 2 மி.மீ. ஓடும்போது 7 கிலோ. நிறைந்து நிற்கும்போது நகர்த்த 12 கிலோ.

லேத்துப்பட்டறை

நல்லது. கிலோவை 9.81ஆல் பெருக்கி, கைப்பிடி நீளத்தை மீட்டரில் பெருக்கினால் முறுக்கு விசை வந்துவிடும். ஓடும்போது 7 × 9.81 × 0.2 = 13.7 நியூட்டன் மீட்டர். கிளம்பும்போது 23.5.

வேகம்: இந்த அளவு ரோலருக்கு 200 ஆர்பிஎம் பக்கம் வைத்தால் போதும். 2 மி.மீ. இடைவெளி முழுக்கத் தானியம் பாய்வதில்லை. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே எடுத்துக்கொண்டாலும் மணிக்கு 80 கிலோ வரும். உங்கள் 12 கிலோ பத்து நிமிட வேலை. அதற்கு மேல் வேகம் கூட்டினால் மக்காச்சோளம் கடிபடாமல் மேலேயே துள்ளும், மாவும் கூடும். மாட்டுக்கு மாவு வேண்டாம். மணி நாலைந்தாக உடைந்தால் போதும். பொடியாக அரைத்த மக்காச்சோளம் வயிற்றில் சீக்கிரம் புளித்து அமிலம் ஏறும்.

192 ஆர்பிஎம் என்று வைத்துக்கொண்டால் ஓடுவதற்கு 275 வாட். பெல்ட் இழப்பைச் சேர்த்தால் 300 வாட் சொச்சம். அரை ஹெச்பி என்பது 373 வாட். ஆக ஓடுவதற்கு அரை ஹெச்பி போதும். ஹாப்பருக்கு அடியில் இழுத்து மூடும் தகரத் தட்டு ஒன்று வைத்து, மூடிய நிலையில் மோட்டாரைக் கிளப்பி, வேகம் எடுத்த பிறகு திறந்தால் கிளம்பும் பளு என்ற பேச்சே இல்லை.

காயில்கட்டு (காட்பாடி)

மேலே போட்ட கணக்கு சரி. முடிவில் மட்டும் நான் மாறுபடுகிறேன். ஒரு ஹெச்பி வாங்குங்கள்.

காரணம் வோல்டேஜ். இண்டக்‌ஷன் மோட்டாரின் (பிரஷ் இல்லாத, நீங்கள் கடையில் பார்த்த வகை) முறுக்கு விசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்றபடி இறங்கும். 230க்குப் பதில் 180 வந்தால் 61 சதவீத விசைதான் கிடைக்கும். அரை ஹெச்பி, 1440: தண்டில் 2.47 நியூட்டன் மீட்டர். 1440ஐ 192 ஆக்க 7.5க்கு 1 குறைத்து, இழப்புக்குப் பத்து சதவீதம் கழித்தால் மில் தண்டில் 16.7. கெப்பாசிட்டர் ஸ்டார்ட் மோட்டார் கிளம்பும்போது அதைப்போல் இரண்டு மடங்கு கொடுக்கும் என்று வைத்தால் 33. 180 வோல்ட்டில் அது 20. உங்களுக்கு வேண்டியது 23.5. கிளம்பாது. ஒரு ஹெச்பியில் அதே நிலையில் 40 வரும்.

தட்டு மூடிக் கிளப்பினால் போதாதா என்றால், மில் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும்? ரோலர் நடுவில் மணிகள் கடித்தபடி நிற்கும். கரண்ட் வந்ததும் மோட்டார் அந்தப் பளுவோடு கிளம்பப் பார்த்து உறுமிக்கொண்டே நிற்கும். வேகம் முக்கால் அளவுக்கு ஏறினால்தான் உள்ளே இருக்கும் சென்ட்ரிஃப்யூகல் ஸ்விட்ச் விலகும். ஏறாவிட்டால் ஸ்டார்ட்டிங் காயிலும் ஸ்டார்ட் கெப்பாசிட்டரும் லைனிலேயே இருக்கும். அவை சில வினாடிக்காகச் செய்தவை. கெப்பாசிட்டர் வெடிக்கும், காயில் கருகும். ரீவைண்டிங்குக்கு வரும் சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் ஸ்டார்ட்டிங் காயில் மட்டும் கருகியிருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

வாங்கும்போது "கெப்பாசிட்டர் ஸ்டார்ட்" என்று கேட்டு வாங்க வேண்டும். ஸ்டார்ட்டுக்கு ஒன்று, ஓடுவதற்கு ஒன்று என இரண்டு கெப்பாசிட்டர் இருப்பது இன்னும் நல்லது. ஒரே சின்ன கெப்பாசிட்டர் எப்போதும் லைனில் இருக்கும் வகை ஃபேனுக்கும் ஊதுகுழலுக்கும் சரி, மில்லுக்கு ஆகாது. கிளம்பும் விசை ஓடும் விசையில் பாதி அளவுக்கே வரும். மேசை கிரைண்டர் மோட்டாரும் இந்தக் குடும்பம்தான், சுமார் 150 வாட். அதை விட்டுவிடுங்கள்.

கை டிரில் பிரஷ் மோட்டார். அதன் காற்றாடி வேகமாகச் சுற்றினால்தான் குளிரும். 200 ஆர்பிஎம்முக்குக் குறைத்துப் பளு கொடுத்தால் பத்து நிமிடத்தில் வார்னிஷ் வாசனை வரும். ஒருநாள் சோதனைக்கு ஓட்டலாம், தினமும் ஓட்ட முடியாது. வைப்பர் மோட்டாரில் 300 வாட் வராது. 2880 மோட்டாருக்கு 15க்கு 1 குறைக்க வேண்டும். மலிவாக வாங்கிய காசு புல்லியில் போய்விடும்.

ஃபேன் ரெகுலேட்டர் வைத்து வேகம் குறைக்கும் யோசனை யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். வேகம் குறையாமல் விசை மட்டும் குறைந்து, ஸ்விட்ச் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

மாட்டுக்கொட்டாய்

புரிந்தது அண்ணா, ஒரு ஹெச்பி எடுக்கிறேன். மோட்டாரில் 2 அங்குலம், மில்லில் 15 அங்குலம் போட்டால் 7.5 மடங்கு வந்துவிடுமே? ஒரே பெல்ட்டில் முடிந்துவிடும்.

லேத்துப்பட்டறை

கணக்கில் வரும், ஓட்டத்தில் நிற்காது. ஏ செக்‌ஷன் பெல்ட்டுக்கு (வி-பெல்ட்டில் ஒரு அளவு) குறைந்தபட்சம் 75 மி.மீ., அதாவது 3 அங்குலப் புல்லி வேண்டும். 2 அங்குலத்தில் பெல்ட் மடங்கிச் சூடேறி அடிப்பக்கம் வெடிக்கும். பக்கத்தில் 15 அங்குலம் இருந்தால் சின்னப் புல்லியைப் பெல்ட் தழுவும் நீளமும் குறைந்து வழுக்கும். வழுக்குகிறதே என்று இறுக்கினால் அந்த இழுப்பு முழுதும் மில்லின் பித்தளை புஷ்ஷில் விழும். புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து ரோலர் சாயும். ஒரு முனையில் மாவு, மறுமுனையில் முழு மணி என்று விழுந்தால் புஷ் போய்விட்டது என்று அர்த்தம்.

இரண்டு கட்டமாகக் குறையுங்கள். மோட்டாரில் 3 அங்குலம், இடைத்தண்டில் 9 அங்குலம்: 480 ஆர்பிஎம். இடைத்தண்டில் 4 அங்குலம், மில்லில் 10 அங்குலம்: 192. இரண்டாவது கட்டத்தில் 3 அங்குலம் போடாதீர்கள். வேகம் குறையும்போது அதே சக்திக்குப் பெல்ட் இழுக்க வேண்டிய விசை கூடும், சின்னப் புல்லியில் அது வழுக்கும்.

இடைத்தண்டுக்கு 20 மி.மீ. பிரைட் ராடு (வழுவழுப்பான நேர் இரும்புத் தண்டு) ஒன்றரை அடி, யூசிபி 204 பேரிங் (தாங்கும் கூடோடு வருவது) இரண்டு. மில் தண்டு வெளியே நீண்டிருப்பது 16 மி.மீ.தானே. 10 அங்குலப் புல்லியை அதன் நுனியில் தொங்கவிடக் கூடாது. பெரிய புல்லியை மில்லின் உடம்புக்கு ஒட்டினாற்போல் மாட்டி, முடிந்தால் புல்லிக்கு அப்பால் ஒரு தாங்கு பேரிங் வையுங்கள். இப்போதுள்ள தண்டு நீளம் பத்தாது என்றால் மில்லை லேத்துக்குக் கொண்டுபோய் நீட்டிக்கொள்ளலாம். கைப்பிடிக்காகத் தட்டையாகச் சீவிய இடத்தில் கிரப் ஸ்க்ரூ (தண்டை அழுத்திப் பிடிக்கும் தலையில்லாத திருகு) மட்டும் போட்டால் இரண்டே நாளில் கழன்று தண்டைச் சிராய்க்கும். 5 மி.மீ. சாவி (தண்டும் புல்லியும் சேர்ந்து சுற்ற நடுவில் செருகும் இரும்புத் துண்டு) வெட்டிப் போடச் சொல்லுங்கள்.

மோட்டாரை நீளத் துளை உள்ள பலகையில் ஏற்றுங்கள். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு செ.மீ. சுமாருக்கு இறங்கினால் இறுக்கம் சரி.

கியர்வீல் (வாலாஜா)

இன்னொரு வழி இருக்கிறது. 7.5க்கு 1 வார்ம் கியர்பாக்ஸ் பொருத்திய ஒரு ஹெச்பி மோட்டார், நேரே 192 ஆர்பிஎம். இடம் கொஞ்சம்தான் பிடிக்கும், பெல்ட் இல்லை, புஷ்ஷில் பக்கவாட்டு இழுப்பும் இல்லை. நடுவில் ரப்பர் உள்ள ஜா கப்ளிங் (இரண்டு தண்டையும் இணைக்கும் மூட்டு) போட வேண்டும். இரண்டு தண்டும் ஒரே கோட்டில் இருப்பதை நேர்கட்டை வைத்துப் பார்க்க வேண்டும், அரை மி.மீ. தள்ளினாலும் ரப்பர் சீக்கிரம் தின்னும்.

ஆனால் விலை கூட. இன்னொரு குறையும் உண்டு. ஆணியோ கல்லோ உள்ளே போனால் பெல்ட் வழுக்கி விட்டுவிடும். கியர் விடாது. சாவி அறுபடும், இல்லாவிட்டால் ரோலர் நர்லிங்கில் வடு விழும். கியர்பாக்ஸ் போட்டால் கப்ளிங்கில் அறுபடுவதற்கென்றே மெல்லிய பின் ஒன்று வையுங்கள். களத்துமேட்டில் அள்ளிய மக்காச்சோளம் என்றால் கல் வராமல் இருக்காது. என்னைக் கேட்டால் உங்கள் வேலைக்குப் பெல்ட்டே நல்லது.

எதைப் போட்டாலும் ஹாப்பர் வாயில் சல்லடை, தகரத் தட்டுக்கு மேலே ஒரு காந்தம். பழைய ஸ்பீக்கர் காந்தம் போதும்.

மாட்டுக்கொட்டாய்

பெல்ட்டே போடுகிறேன். இரண்டு சந்தேகம். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் ஃபேஸ், நியூட்ரலை மாற்றிக்கொள்ளலாமா? ஸ்விட்ச் சாதாரண 15 ஆம்பியர் பிளக் போதுமா?

காயில்கட்டு

ஃபேஸ், நியூட்ரல் மாற்றினால் திசை மாறாது. டெர்மினல் பெட்டியில் ஸ்டார்ட்டிங் காயிலின் இரண்டு முனைகளை மட்டும் ஒன்றுக்கொன்று மாற்ற வேண்டும். ஓடும் காயிலையும் சேர்த்து மாற்றினால் மறுபடி பழைய திசைக்கே வந்துவிடும். மேலிருந்து பார்த்தால் இரண்டு ரோலரும் நடுவை நோக்கி உள்ளே இறங்க வேண்டும். பெல்ட் மாட்டுவதற்கு முன் வெறும் மோட்டாரை ஒரு வினாடி ஓட்டித் திசை பார்த்துக்கொள்ளுங்கள். பெல்ட்டைக் குறுக்காகப் போட்டுத் திசை மாற்ற வி-பெல்ட்டில் வழியில்லை.

பிளக் மட்டும் போதாது. சிங்கிள் ஃபேஸ் டிஓஎல் ஸ்டார்ட்டர் (மோட்டாரை நேரே லைனில் இணைக்கும் பொத்தான் பெட்டி) வையுங்கள். அதில் இருக்கும் காயில் கரண்ட் போனதும் விட்டுவிடும். திரும்பி வந்தால் பச்சைப் பொத்தானை நீங்கள் அழுத்தினால்தான் மோட்டார் ஓடும். கரண்ட் வந்துபோகும் ஊரில் மோட்டாரைக் காப்பாற்றுவதும் அதுதான், ரோலரில் கை விட்டு அடைப்பு எடுத்துக்கொண்டிருப்பவர் விரலைக் காப்பாற்றுவதும் அதுதான். ஓவர்லோடு ரிலேயை (பளு மீறினால் லைனைத் துண்டிப்பது) மோட்டார் தகட்டில் எழுதியிருக்கும் ஆம்பியருக்கு வையுங்கள், அதற்கு மேலே ஏற்றாதீர்கள். எம்சிபி (ஆம்பியர் மீறினால் தானே விழும் ஸ்விட்ச்) சி வகை 16 ஆம்பியர். பி வகை போட்டால் கிளம்பும்போதே விழக்கூடும், அந்த நேரத்தில் ஐந்தாறு மடங்கு ஆம்பியர் இழுக்கும். ஒயர் 2.5 சதுர மி.மீ. செம்பு. மீட்டரிலிருந்து கொட்டகை தூரம் என்றால் 4 சதுர மி.மீ. மெல்லிய ஒயர் இழுத்து, ஏற்கெனவே 180 இருப்பதை 165 ஆக்கிவிடாதீர்கள். எர்த் கட்டாயம், மாட்டுக் கொட்டகையில் தரை எப்போதும் ஈரம்.

மோட்டார் முழுக்க மூடிய வகையாக இருக்க வேண்டும். உமியும் மாவும் திறந்த மோட்டாரின் சென்ட்ரிஃப்யூகல் ஸ்விட்ச் முனையில் படிந்தால் ஸ்விட்ச் ஒட்டாமல் போகும். அப்போதும் உறுமல்தான், பளுவே இல்லாமல். மூடிய மோட்டாரிலும் பின்பக்கக் காற்றாடி மூடியை மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் துடைக்க வேண்டும்.

லேத்துப்பட்டறை

பெல்ட் இரண்டுக்கும் தகரக் கூடு போட்டுவிட்டே முதல் மூட்டையை ஓட்டுங்கள். முந்தானை, துண்டு இரண்டும் மூன்று அங்குலப் புல்லிக்குள் ஒரு நொடியில் போய்விடும்.

கேவுருக்கு இடைவெளி அரை மி.மீ.யிலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள். ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) ரோலரின் இரண்டு முனையிலும் விட்டுப் பார்க்க வேண்டும், ஒரு முனையில் மட்டும் பார்த்தால் சாய்வு தெரியாது. முளை வேரைத் தேய்த்து உதிர்த்துவிட்டுப் போடுங்கள். காயாத கேவுரு நர்லிங் பள்ளத்தில் அப்பிக்கொள்ளும், அப்புறம் மக்காச்சோளம் வழுக்கும். வேலை முடிந்ததும் கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டிவிட்டு, கடைசியில் ஒரு கை காய்ந்த சோளத்தை விட்டு ஓட்டுங்கள், பள்ளத்தில் மிச்சம் இருப்பதை அதுவே இழுத்துக்கொண்டு வந்துவிடும்.