பூஸ்டர் போச்சா, பவர் சப்ளை போச்சா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வேதாரண்யம் பக்கம் எண்பதுகளில் டிவி மெக்கானிக்காக இருந்தேன். 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும் எங்கள் கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு வீடு ஆன்டெனா கட்டிய ஜிஐ பைப் ஏறியது. சென்னை தூர்தர்ஷன் 1975-லேயே வந்திருந்தும் எங்கள் பக்கம் எட்டவில்லை. கடல் தாண்டி வந்த படத்தைத்தான் பிடித்தோம். அதற்கு, ஆன்டெனா பக்கத்திலேயே கட்டி சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் கட்டாயம்.

படம் போய்விட்டால் எல்லாரும் முதலில் பூஸ்டரைத்தான் சந்தேகப்படுவார்கள். "மேல இருக்கிறது போச்சு, புதுசு போட்டுடுங்கண்ணே" என்பார்கள். நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் கீழே, டிவி பக்கத்தில் இருந்து பூஸ்டருக்குக் கரண்ட் தரும் பவர் சப்ளையில் அல்லது கேபிளில்தான்.

பூஸ்டரை ஏன் உச்சியில் கட்டுகிறோம்? ஆன்டெனாவில் விழும் சிக்னல் கேபிளில் இறங்குவதற்குள் தேய்ந்துவிடும். வழியில் 3 டெசிபெல் போனாலே பாதி சக்தி காலி. அதன் பிறகு பெருக்கினால் இரைச்சலும் கூடவே பெருகி, திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக இரையும். தேய்வதற்கு முன்பே பெருக்கிவிட வேண்டும். ஆனால் பைப் உச்சியில் கரண்ட் ஏது? சிக்னல் இறங்குகிற அதே கேபிளின் நடுக் கம்பியில்தான் 12 வோல்ட் டிசி (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) மேலே ஏறுகிறது. சப்ளைப் பெட்டிக்குள் சின்ன சோக் காயில் ஒன்று இருக்கும். டிசியை விடும், சிக்னலை சப்ளைக்குள் விடாது. டிவிக்குப் போகிற வழியில் ஒரு கெப்பாசிட்டர். அது சிக்னலை விட்டு டிசியைத் தடுக்கும். மேலே பூஸ்டருக்குள்ளும் இதே ஏற்பாடு. இதை யோசித்துச் செய்தவரை இன்றைக்கும் மனசாரப் பாராட்டுவேன்.

திரையில் அகலமான இரண்டு பட்டைகள் மெல்ல ஊர்ந்தால் சப்ளையில் டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது. ஏசியை டிசியாக்கும் நான்கு டயோடு பிரிட்ஜிலிருந்து வரும் அலை 100 ஹெர்ட்ஸ், படம் வரைவது நொடிக்கு 50 தடவை, அதனால் இரண்டு. ஒரே பட்டை என்றால் பிரிட்ஜில் ஒரு டயோடு அறுந்துபோயிருக்கும். எல்இடி எரியாமல் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் கொதித்தால் கேபிளைக் கழற்றுங்கள். உடனே எல்இடி எரிந்தால் கேபிள் பக்கம்தான் ஷார்ட். கனெக்டருக்குள் கேபிளின் வெளிப் பின்னலின் ஒற்றை இழை நடுக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

கடலோரத்துக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. மேல் ஜாயிண்டில் உப்பு ஈரம் இறங்கினால், டிசி இருப்பதால் செம்பு பச்சை பூத்து அரித்தே போகும். கீழே 12 வோல்ட் இருக்கும், மேலே 4, 5 தான் சேரும். பூஸ்டரைக் கழற்றிவிட்டு அளந்தால் அங்கும் மீட்டர் 12 காட்டி ஏமாற்றும். லோடு இருக்கும்போதே, அதாவது பூஸ்டர் மாட்டி ஓடும்போதே அளக்க வேண்டும்.

*

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன் ஐயா. எங்களுக்கு நீங்கள் சொன்னதுக்கு எதிர்த்திசை. தூரதர்சன் பாக்க அன்ரெனாவை இந்தியப் பக்கம் திருப்புவம். தொண்ணூறுகளில கரண்ட் இல்லை; 12 வோல்ற் கறுப்பு வெள்ளை ரீவியை கார் பற்றறியில போட்டுத்தான் பாக்கிறது. அப்பா பூஸ்ரர் சப்ளைப் பெட்டியைத் திறந்து, ட்ரான்ஸ்போமரையும் டயோட்டையும் ஒதுக்கிப்போட்டு, பற்றறி வயரை நேரா அந்தச் சோக் கொயிலில ஈயம் வச்சு ஒட்டினவர். நீங்கள் சொன்ன பட்டை ஒரு நாளும் வரேல்லை, பற்றறியில அலை எண்டு ஒண்டு இல்லைத்தானே. வயர் மாறினா மேல ட்ரான்சிஸ்ரர் செத்திடும் எண்டு பிளஸ் வயரில சிவப்புத் துணி சுத்தி வச்சிருந்தவர்.

*

சிங்கப்பூரில் வசந்தம் தமிழ்ச் சேனலை ஆன்டெனாவில்தான் பார்க்கிறோம், இப்போது எல்லாம் டிஜிட்டல். புக்கிட் பாத்தோக் ஒளிபரப்பு டவருக்குக் கிட்டத்தில் இருக்கும் உறவினர் வீட்டில் பூஸ்டரை எடுத்த பிறகுதான் படம் சரியானது. பலமான சிக்னலை மேலும் பெருக்கினால் டிரான்சிஸ்டர் தாங்காமல் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. எங்கள் வீட்டில் வேறு சிக்கல். இரண்டு டிவிக்குப் பிரிக்க ஸ்ப்ளிட்டர் போட்டதிலிருந்து இரண்டிலும் படம் இல்லை. சப்ளையில் எல்இடி நன்றாக எரிகிறது. என்ன பார்க்கலாம் அண்ணே?

*

சப்ளைக்கும் பூஸ்டருக்கும் நடுவில் ஸ்ப்ளிட்டர் உட்கார்ந்திருக்கும் தம்பி. சாதாரண ஸ்ப்ளிட்டர் டிசியை மேலே விடாது. ஆன்டெனாவிலிருந்து வரும் கேபிள் முதலில் சப்ளைக்கு வரட்டும், அதற்குப் பிறகு பிரியுங்கள். அப்படி இடம் அமையாவிட்டால் பவர் பாஸ் உள்ள ஸ்ப்ளிட்டர் வாங்கி, டிசி போகும் என்று குறி போட்டிருக்கும் முனையில் மட்டும் சப்ளையைக் கொடுங்கள்.