சன்ஷேடு விழுந்த பிறகு வந்த நோட்டீஸ்: வாடகைக்கு விட்டவர்களின் அனுபவங்கள்

மடிப்பாக்கத்திலிருந்து ஒருவர்:

எங்கள் வீடு 1994இல் கட்டியது. மாடியை வாடகைக்கு விட்டிருந்தோம். சன்ஷேடில் நீர் கசிந்து, உள்ளிருந்த கம்பி துருவேறி உப்பி, காரையைப் பெயர்த்துக்கொண்டிருந்தது. குடியிருந்தவர் இருமுறை படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பொங்கல் கழிந்ததும் கொத்தனாரை அழைத்து வருவதாக நானும் பதில் எழுதினேன். மார்கழிக் கடைசியில் ஒரு துண்டு உடைந்து, அவரைப் பார்க்க வந்திருந்த உறவினரின் தோளில் விழுந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்த சில வாரங்களில், 12 லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்தது.

"ரெண்டு வீட்டையும் அக்கா பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிடுங்க மாமா" என்றார் மைத்துனர். பத்திர எழுத்தரிடம் செல்லும் முன் வழக்கறிஞரிடம் சென்றது நல்லதாயிற்று. கடன்காரர்களை, அதாவது நாம் பணம் தர வேண்டியவர்களை, ஏய்க்கும் நோக்கில் செய்யப்படும் மாற்றத்தை, 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 53ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் எதிர்த்துச் செல்லாததாக்க முடியும் என்றும், நோட்டீஸ் வந்த மறுவாரத்தில் எழுதப்படும் பத்திரம் அந்த நோக்கத்தைத் தானே சொல்லிவிடும் என்றும் அவர் விளக்கினார். குடியிருக்கும் வீட்டையாவது தொடமாட்டார்கள் என்று நான் எண்ணியிருந்தேன். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு அந்தப் பாதுகாப்பை விவசாயி, தொழிலாளி, வீட்டு வேலையாள் ஆகியோருக்கே தருகிறது. ஓய்வு பெற்ற அலுவலருக்கு இல்லை. நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்ற என் பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கை ஜப்தி செய்ய முடியாது என்பது மட்டுமே அன்று கிடைத்த ஆறுதல். (வருமான வரி பாக்கிக்கு அந்த விலக்கு கிடையாது என்பதையும் அவரே சொன்னார்.)

வங்கிக் கடனுக்காக எடுத்த காப்பீடு தீக்கும் வெள்ளத்துக்குமானது. மூன்றாம் நபரின் காயத்துக்கு அதில் இடமில்லை. காயமடைந்தவர் தரப்பிடம் என் வாட்ஸ்அப் பதில் இருந்ததால், பழுது எனக்குத் தெரியாது என்று வாதிடவும் வழியில்லை. சிகிச்சைச் செலவும் சம்பள இழப்புமாக 3,40,000 ரூபாய் கொடுத்துச் சமரசத்தில் முடித்தோம். அந்தச் சன்ஷேடைச் சரிசெய்யக் கொத்தனார் முதலில் கேட்ட தொகை 18,000.

திருச்சியிலிருந்து ஒருவர்:

என் சிக்கல் மின் இணைப்பில் வந்தது. என் வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தவர், வீட்டு உபயோக இணைப்பிலேயே எனக்குத் தெரியாமல் மாவு அரைத்து விற்கும் தொழில் நடத்தினார். மின்சாரச் சட்டம், 2003இன் 126ஆம் பிரிவின்படி அத்தகைய பயன்பாட்டுக்கு இரு மடங்கு கட்டணம் விதிக்கப்படும். எப்போது தொடங்கியது என்று கண்டறிய முடியாவிட்டால் பன்னிரண்டு மாதங்களுக்குக் கணக்கிடுவார்கள். இணைப்பு என் பெயரில் இருந்ததால் நோட்டீசும் எனக்கே வந்தது. முன்பணத்தில் கழித்தது போக மீதியை நான்தான் கட்டினேன். இப்போது எதற்காகக் குடியேறுகிறார் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி, அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்கிறேன்.

கோவையிலிருந்து ஒருவர்:

எனக்கு நான்கு வீடுகள் உள்ளன. அவற்றை எல்.எல்.பி. (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை நிறுவனம்) பெயருக்கு மாற்றினால் சொந்தச் சொத்து தப்பும் என்றார்கள். மாற்றும்போது வரும் முத்திரைக் கட்டணத்தையும் மூலதன ஆதாய வரியையும் பட்டயக் கணக்காளர் கணக்கிட்டுக் காட்டியதும் அந்த ஆசை விட்டது. மேலும், பழுதைத் தெரிந்தும் நான் விட்டுவைத்தால் அந்தத் தவறுக்கு நானே பொறுப்பு. பங்குதாரர் என்ற போர்வை அதை மறைக்காது. அதனால், பிறருக்கு ஏற்படும் காயத்துக்கு இழப்பீடு தரும் பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்தேன். ஆயுள் காப்பீட்டையும், வில்லங்கம் எதுவும் இல்லாத காலத்திலேயே, 1874ஆம் ஆண்டுத் திருமணமான பெண்களின் சொத்துச் சட்டத்தின்கீழ் மனைவி, பிள்ளைகள் பெயரில் எழுதினேன். அந்தத் தொகையில் என் கடன்காரர்கள் கைவைக்க முடியாது. பாலிசி எடுக்கும்போதே அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்க வேண்டும். என் முகவர் தாமாக அதைச் சொல்லவில்லை.

மடிப்பாக்கத்திலிருந்து மீண்டும்:

கோவை நண்பர் கூறிய பொறுப்புக் காப்பீட்டை நானும் எடுத்திருக்கிறேன். விண்ணப்பத்தில் கட்டடத்தின் வயதையும் முந்தைய விபத்தையும் மறைக்காமல் எழுதியதால் பிரீமியம் சற்றுக் கூடியது. பழுது பற்றி வாடகைக்கு இருப்பவர் அனுப்பும் செய்திக்கு, கொத்தனார் வரும் தேதி உறுதியான பிறகே இப்போது பதில் எழுதுகிறேன், அதுவும் அன்றைக்கே.