பிராசசரா, கிராபிக்ஸ் கார்டா? முதல்ல எதை மாத்தணும்?

குளச்சல்_144:
ரைசன் 5 3600, பி450எம் போர்டு (ரேம் ஸ்லாட் ரெண்டு), 16 ஜிபி டிடிஆர்4 3200 ஒரே ஸ்டிக், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், 450 வாட் பவர் சப்ளை, 1080பி 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். வேலரண்ட்ல சண்டை நேரம் எஃப்பிஎஸ் (ஒரு செகண்டுக்கு வர்ற படங்கள்) 150ல இருந்து 90க்கு விழுது. சைபர்பங்க் 2077 ஹை செட்டிங்ல 50 தாண்டல. நாகர்கோவில் கடையில கார்டை மாத்தச் சொல்லுதாங்க. டாஸ்க் மேனேஜர்ல சிபியு 45%தான் காட்டுது, அதனால பிராசசர் போதும்னு நானும் நினைக்கேன். ரெண்டுல ஒண்ணுக்குத்தான் பணம் உண்டு. வீடு கடற்கரைப் பக்கம்.

தக்கலை_சர்வீஸ்:
தம்பி, அந்த 45%ஐ நம்பாதீங்க. 3600ல 12 த்ரெட் (ஒரே நேரத்துல ஓடக்கூடிய வேலை வரிசை). ஒரு த்ரெட் முழுசா முட்டி நின்னாலும் மொத்தக் கணக்குல 8% சொச்சம்தான் ஏறும். கேமோட முக்கிய வேலை ஒண்ணு ரெண்டு த்ரெட்லதான் ஓடும்.

பாக்க வேண்டியது கார்டோட சதவீதம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர், கூடவே ரிவாட்யூனர் (இந்த அளவுகளைத் திரையில காட்டுற சாஃப்ட்வேர்) போட்டு, விசிங்க் (எஃப்பிஎஸ்ஸை மானிட்டர் வேகத்தோட கட்டிப்போடுற செட்டிங்), எஃப்பிஎஸ் லிமிட் ரெண்டையும் அணைச்சிட்டு பத்து நிமிஷம் விளையாடுங்க. கார்டு 95%க்கு மேல நின்னா தடை கார்டுதான். 70%க்குக் கீழ இருந்தும் எஃப்பிஎஸ் விழுந்தா பிராசசர் அல்லது ரேம். உறுதிப்படுத்த ரெசல்யூஷனை 720க்கு இறக்குங்க. எஃப்பிஎஸ் ஏறினா கார்டு. அசையலன்னா பிராசசர் பக்கம். கார்டு சூட்டையும் பாருங்க. 80 டிகிரிக்கு மேல போய் கிளாக் (கார்டு ஓடுற வேகம்) இறங்குதுன்னா முதல்ல தூசியைத் தட்டுங்க.

மார்த்தாண்டம்_ரேம்:
மக்கா, ஒரே ஸ்டிக்னு நீ எழுதினதை யாரும் கவனிக்கல. ஒரு ஸ்டிக்னா 64 பிட் பாதை, ரெண்டு போட்டா 128. ரைசன் 3000 வரிசை ரேம் வேகத்தை நம்பித்தான் ஓடும். சண்டை நேரம் சட்டுனு விழுறதுக்கு இது பெரிய காரணம். சிபியு-இசட்ங்கிற சாஃப்ட்வேர்ல மெமரி பக்கம் போய் டிராம் ஃப்ரீக்வென்சி பாரு. அதுல பாதிக் கணக்குதான் காட்டும், 1600னு இருந்தாத்தான் 3200 ஓடுது. 1200, 1333னு இருந்தா பயாஸ்ல (போர்டோட அடிப்படை செட்டிங்) எக்ஸ்எம்பி (ரேமை முழு வேகத்துல ஓட்டுற செட்டிங்) அணைஞ்சு கெடக்கு.

குளச்சல்_144:
பாத்தேன் அண்ணா. வேலரண்ட்ல கார்டு 55-60%, 720லயும் எஃப்பிஎஸ் அசையல. சைபர்பங்க்ல கார்டு 98%, 720ல 80 வரை ஏறுது. சிபியு-இசட்ல 1200. தினமும் வேலரண்ட்தான், சைபர்பங்க் ஞாயிறு மட்டும்.

தக்கலை_சர்வீஸ்:
அப்ப ஒரு கேமுக்கு பிராசசர் பக்கம் தடை, இன்னொண்ணுக்கு கார்டு தடை. தினமும் ஆடுற கேமுக்குப் பணம் போடுங்க. இப்ப கார்டை மாத்தினா வேலரண்ட்ல ஒரு மாற்றமும் தெரியாது, 40% சும்மா இருக்கிற கார்டு 60% சும்மா இருக்கும், அவ்வளவுதான்.

முதல்ல எக்ஸ்எம்பி போட்டு, அதே மாடல் இன்னொரு ஸ்டிக் சேருங்க. ரெண்டு ஸ்டிக்கும் ஒத்துப்போகாம பூட் ஆகலன்னா ரேம் வேகத்தை 2933க்கு இறக்கிப் பாருங்க. திரும்ப அளந்தும் விழுதுன்னா ரைசன் 5 5600. இதே போர்டு, இதே ரேம், 65 வாட், இருக்கிற பவர் சப்ளை தாராளம். சைபர்பங்க்குக்கு அதுவரை எஃப்எஸ்ஆரை (சின்ன ரெசல்யூஷன் படத்தைப் பெருசாக்கி எஃப்பிஎஸ் ஏத்துற செட்டிங்) குவாலிட்டில வச்சு, ஸ்கிரீன் ஸ்பேஸ் ரிஃப்ளெக்‌ஷனைக் குறைங்க. அதே மாதிரி வேலை செய்ற என்விடியாவோட டிஎல்எஸ்எஸ் இந்தக் கார்டுல வராது.

பிறகு கார்டு வாங்கும்போது ஆர்எக்ஸ் 6600 பாக்கலாம், 132 வாட். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் போயிராதீங்க. அதுக்கு பிசிஐ-இ பாதை (கார்டும் போர்டும் பேசிக்கிற வழி) நாலுதான், உங்க போர்டு மெதுவான 3.0ங்கிறதால நல்லா அடிவாங்கும்.

மார்த்தாண்டம்_ரேம்:
5600 போடுறதுக்கு முன்னாடி, பழைய 3600 இருக்கும்போதே பயாஸ் அப்டேட் பண்ணிரு. போர்டு கம்பெனி சைட்ல சிபியு சப்போர்ட் லிஸ்ட்ல எந்த வெர்ஷன்னு போட்டிருக்கும். யுபிஎஸ் இல்லாம தொடாத. நமக்கு ஆனி ஆடியிலயும் மழை, ஐப்பசி கார்த்திகையிலயும் மழை. இடி கேட்டா அன்னைக்கு வேண்டாம். நடுவுல கரண்ட் போனா போர்டு எழும்பாது.

விண்டோஸ்ல பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற வசதி) இருந்தா ரெக்கவரி கீயை பேப்பர்ல எழுதி வை. பிராசசர் மாறினதும் எஃப்டிபிஎம் (பிராசசருக்குள்ள அந்தப் பூட்டோட சாவியைக் காக்கிற பகுதி) புதுசாகி கீ கேக்கும்.

கூலரைக் கழட்டுறதுல அவசரப்படாத. ஏஎம்4ல (உன் போர்டோட சாக்கெட் வகை) பின் பிராசசர் அடியில. பேஸ்ட் காய்ஞ்சு ஒட்டியிருக்கும்; நேரா இழுத்தா லிவர் பூட்டியிருந்தாலும் பிராசசர் சாக்கெட்ல இருந்து பிடுங்கிட்டு வரும், பின் வளைஞ்சிரும். பத்து நிமிஷம் கேம் ஓட்டி சூடாக்கி, பவரை அணைச்சு, கூலரை இடம் வலமா மெல்லத் திருகி விடுவிச்ச பிறகு தூக்கு. புது பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும்.

குளச்சல் உப்புக்காத்துக்கு ஒண்ணு சொல்லுதேன். ரேமைக் கழட்டும்போது தங்க முனையை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால துடை. ரப்பர் போட்டுத் தேய்க்காத, முலாம் போயிரும். பழைய கார்டு வாங்கப் போனா பின்பக்கத் தகட்டுல துரு, ஹீட்சிங்க் இதழ்கள்ல வெள்ளைப் பூப்பு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாரு. இருந்தா எவ்வளவு குறைச்சுக் கொடுத்தாலும் வாங்காத.